நீல அட்டையா, சிவப்பு அட்டையா: எது நம் நாடு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது குடியுரிமை. “சட்டம் வழக்கறிஞர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?” என்று தயவு செய்து அலைவரிசையை மாற்றி விடாதீர்கள். நம் பையில் இருக்கும் அடையாள அட்டையின் நிறம் என்ன என்பதில்தான் பிள்ளையின் படிப்பும், பெரியவர்களின் மருத்துவமும், நம் ஓட்டும் அடங்கியிருக்கின்றன. அதற்கும் மேலாக, “இது என் நாடு” என்று நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் அந்த எண்ணத்தையே சட்டம் எப்படி உருவாக்குகிறது, எப்படி உடைக்கிறது என்பதையும் பார்க்கப் போகிறோம்.

ஒரே வீட்டில் மூன்று நிலை

பட்டர்வொர்த், மாக் மண்டினில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். தொழிற்சாலைகளும் தமிழ்ப் பள்ளியும் உள்ள வட்டாரம். அந்த வீட்டில் ஒரு பாட்டி. 1944இல் கெடா மாநிலத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் பிறந்தவர். கையில் சிவப்பு அடையாள அட்டை. அதாவது நிரந்தரக் குடியிருப்பாளர், குடிமகள் அல்ல. அவருடைய கடைசி மகன் 1975இல் பிறந்தவர். அவரிடம் நீல அட்டை. அவருடைய மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது, அடையாள அட்டை எடுக்கும் வயது. ஆனால் அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் “புக்கான் வார்கா நெகாரா”, குடிமகன் அல்ல என்று எழுதியிருக்கிறது.

மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மூவரும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவர் குடிமகன், ஒருவர் விருந்தாளி, ஒருவன் யாருமில்லை. இது எப்படி நேர்ந்தது? இந்த மூன்று பேரின் கதையைப் பிடித்துக் கொண்டே போனால் நம் சமுதாயத்தின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

இரண்டு ஊர் இருந்த காலம்

முதலில் பாட்டியின் தகப்பனாரை எடுத்துக் கொள்வோம். 19ஆம் நூற்றாண்டிலேயே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வரப்பட்டார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் நின்றது. ரப்பர் வந்த பிறகு கங்காணி முறை ஓங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கில் இறங்கலாம். சம்பாதித்துக் கொண்டு திரும்பலாம், மறுபடி வரலாம்.

அந்தக் காலத்தில் மலாயாவும் தமிழகமும் ஒரே பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தன. கடப்பிதழ், விசா என்ற கெடுபிடி தொழிலாளிக்கு இல்லை. ஆகவே அவருக்கு இரண்டு ஊர் இருந்தன. “ஊருக்குப் போகிறேன்” என்றால் தமிழ்நாடு. “சீமைக்குப் போகிறேன்” என்றால் மலாயா. இதை அவருடைய நாட்டுப்பற்றின் குறை என்று சிலர் பின்னாளில் சொன்னார்கள். அது நியாயமல்ல. கதவு இரு பக்கமும் திறந்திருந்தால் மனிதன் இரு பக்கமும்தான் நடப்பான்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப் பணத்தில் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. போருக்குப் பின், 1953 ஆகஸ்டு முதல் தேதி மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின் சாதாரணத் தொழிலாளி நினைத்த நேரத்தில் வர முடியவில்லை. போனால் திரும்ப முடியுமா என்ற பயம் வந்தது. போக்குவரத்து நின்ற இடத்தில்தான் குடித்தனம் வேரூன்றியது. ஆக, “இதுதான் என் ஊர்” என்ற எண்ணத்தை நம் முன்னோரிடம் வளர்த்ததில் பாசத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு சட்டத்துக்கும் உண்டு.

ஓர் ஆறு, இரண்டு சட்டம்

நம் வட்டார மக்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செபராங் பிறைக்கும் கெடாவுக்கும் எல்லையாக மூடா ஆறு ஓடுகிறது. ஆற்றின் தென்கரை பினாங்கைச் சேர்ந்தது. பிரிட்டிஷாரின் நேரடிக் குடியேற்றப் பகுதி. வடகரை கெடா சுல்தானின் மாநிலம். பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்தது.

தென்கரைத் தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை பிறந்த மாத்திரத்திலேயே பிரிட்டிஷ் பிரஜை. வடகரையில் பிறந்த குழந்தைக்கு அந்த மண் அப்படி ஓர் உரிமையைத் தரவில்லை. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை நடப்புக்கு வந்தபோது இந்த வேற்றுமை இன்னும் துலக்கமாயிற்று. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலையாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை தானாகவே கூட்டரசுக் குடிமகன் ஆனார். மற்ற மாநிலங்களில் பிறந்த நம்மவர் தம் தகப்பனாரும் இங்கே பிறந்தவர் அல்லது 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. முடியாதவர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒரே பால்மரம், ஒரே மொழி, ஒரே மாரியம்மன். நடுவில் ஓர் ஆறு. இக்கரையில் பிறந்தவருக்கு உரிமை தானாக வந்தது. அக்கரையில் பிறந்தவர் சான்று தேட வேண்டியிருந்தது. நம் பாட்டி அக்கரையில் பிறந்தவர்.

அதற்கு முன், 1946இல் பிரிட்டிஷார் கொண்டு வந்த மலாயன் யூனியன் திட்டம் பிறப்பையும் வசிப்பையும் கொண்டு தாராளமாகக் குடியுரிமை தர முன்வந்தது. தங்கள் மண்ணிலேயே தங்கள் நிலை போய்விடுமோ என்று மலாய்க்காரர்கள் அஞ்சி எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில்தான் அம்னோ பிறந்தது. அதே ஆண்டில்தான் ம.இ.கா.வும் பிறந்தது. நாட்டின் அரசியல் கட்சிகள் பிறந்த வேளையே “யார் குடிமகன்?” என்ற கேள்வி எழுந்த வேளைதான்.

ஐந்து ஆண்டுகள் திறந்திருந்த கதவு

1957 ஆகஸ்டு 31. சுதந்திரம் வந்தது. அன்று முதல் இந்த நாட்டில் பிறக்கும் குழந்தை எந்தக் கேள்வியுமின்றிக் குடிமகன் என்று அரசியலமைப்பு சொன்னது. இதைத்தான் மண்ணுரிமை என்கிறோம். அதற்கு முன்னரே இங்கே பிறந்தவர்களும், இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் பதிவு செய்து குடிமக்கள் ஆகலாம் என்று வழி வைத்தார்கள். முதல் ஓராண்டில், இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்தால் மலாய்மொழிச் சோதனைகூட இல்லை.

நல்ல வாய்ப்புதான். ஆனால் நம் பாட்டிக்கு அப்போது 13 வயது. தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. பட்டணத்துக்குப் போய்ப் பாரம் நிரப்ப ஒரு நாள் சம்பளம் போகும். பிள்ளைகளின் பிறப்பைப் பதியவே இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “நமக்கு எதற்கு இதெல்லாம், இன்னும் ரெண்டு வருசத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம்” என்பது அன்று பல லயங்களில் கேட்ட பேச்சு. கையில்தான் அடையாள அட்டை இருக்கிறதே என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. அந்த அட்டை 1948இல் அவசரகாலத்தின்போது எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது; அது குடியுரிமை அல்ல என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாத தோட்டங்கள் எத்தனையோ!

1962 அக்டோபர் முதல் தேதி அந்தப் பெரிய கதவு பாதி மூடியது. அதன்பின் இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதாவது, கேள்வி கேட்காத மண்ணுரிமை இந்நாட்டில் இருந்தது ஐந்தாண்டுகளும் ஒரு மாதமும்தான். நீண்ட கால வசிப்பைக் காட்டிப் பதிவு செய்யும் வழியும் அப்போதே எடுக்கப்பட்டது.

பாட்டியின் கடைசி மகனுக்கு நீல அட்டை எப்படிக் கிடைத்தது என்பது இப்போது விளங்கும். 1975இல் அவர் பிறந்தபோது தாய் நிரந்தரக் குடியிருப்பாளர். சட்டத்துக்கு அது போதும். அம்மாவுக்கு இல்லாத உரிமை அம்மாவின் வழியாகவே மகனுக்கு வந்தது!

வேலை பெர்மிட் பிரித்த குடும்பங்கள்

1969ஆம் ஆண்டுக்குப் பின் நடந்ததை நம் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. மே 13 கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள், தாங்கள் நட்ட மரத்தை வெட்டவே அனுமதிச் சீட்டு கேட்டு நின்றார்கள். பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்குமோ என்ற அச்சத்திலும் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணன் கப்பலில், தங்கை கரையில். யாருக்கு எந்த நாட்டின் மேல் பற்று என்று அங்கே எவரும் அளந்து பார்க்கவில்லை. யாரிடம் எந்தத் தாள் இருந்தது என்று மட்டுமே பார்த்தார்கள். “நாங்கள் இந்நாட்டவர், அவர்கள் இந்தியாக்காரர்கள்” என்ற பேச்சு ஒரே லயத்துக்குள் புகுந்தது அப்போதுதான்.

இலங்கை கற்றுத் தரும் பாடம்

நம்மைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். 1948இல் சுதந்திரம் பெற்ற கையோடு இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. நாட்டில் பிறந்தவர் என்றாலும் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் தகப்பனாரின் பிறப்புப் பத்திரம் இருக்கும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே ஓட்டுரிமையும் போயிற்று.

1964இல் சிறிமாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது அதன் சாரம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவது போல எண்ணிய கணக்கு அது.

இதில் வேதனை என்னவென்றால், இலங்கையில் “இந்தியாக்காரன்” எனப்பட்டவர், தமிழ்நாட்டில் நீலகிரிக்கு வந்து இறங்கியதும் “சிலோன்காரன்” ஆகிவிட்டார். எங்கே அனுப்பினார்களோ அங்கேயும் சொந்தம் கொண்டாட ஆளில்லை. இலங்கையில் தங்கிவிட்டவர்களில் குடியுரிமை பெறாதிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் விடிவு தந்தது. 55 ஆண்டுகள்! ஒரு சட்டம் ஏற்படுத்திய காயத்தை இன்னொரு சட்டம் ஆற்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தாலி கட்டினால் போதுமா?

இப்போது அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வருவோம். அவனுடைய அப்பா மலேசியக் குடிமகன். பையன் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். பிறகு என்ன சிக்கல்?

அம்மா வெளிநாட்டுப் பெண். கோயிலில் தாலி கட்டினார்கள். ஊர்கூடிச் சாப்பாடு போட்டார்கள். ஆனால் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதியவில்லை. 1982 மார்ச் முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். பதிவு இல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமையைக் கணக்கிடும்போது, தகப்பன் என்று உள்ள இடத்தில் தாயைத்தான் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தாய் வெளிநாட்டவர், ஆகவே பிள்ளையும் வெளிநாட்டவன். பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் பத்திரத்தில் உள்ள சொல் தானாக மாறிவிடாது.

“ஒரு கையெழுத்துக்காகவா இவ்வளவு தண்டனை?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெற்றோர் செய்த தவறுக்குப் பிள்ளையை அந்நியனாக்குவது எந்த வகையில் நியாயம்? ஆனால் சட்டம் மாறும் வரை நம் வீட்டுப் பிள்ளையைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தத்துப் பிள்ளைகளின் நிலையும் இப்படித்தான். முறையாகத் தத்து எடுத்துவிட்டால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், வராது. ஆனால் கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் குழந்தைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு 19B பிரிவு தரும் பாதுகாப்பை அது உறுதி செய்தது.

2024ஆம் ஆண்டுத் திருத்தம்

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்தை 206 ஓட்டுகளில் நிறைவேற்றியது. அதில் மகிழ வேண்டியதும் உண்டு, கவலைப்பட வேண்டியதும் உண்டு.

மகிழ வேண்டியது: மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இருந்த உரிமை, மலேசியத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கும் தரப்படுகிறது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ பிள்ளை பெற்ற நம் பெண்கள் எத்தனை ஆண்டுகள் இதற்காகக் கண்ணீர் விட்டார்கள்! அந்தத் தாய்மார்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதன் பலன் இது.

கவலைப்பட வேண்டியது: நிரந்தரக் குடியிருப்பாளரின் பிள்ளை இங்கே பிறந்தால் தானாகக் குடிமகன் ஆகும் விதி அதே திருத்தத்தில் எடுக்கப்பட்டது. நம் பாட்டியின் மகனைக் காப்பாற்றிய விதி அதுதான். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்காது. 21 வயது வரை இருந்த விண்ணப்ப வாய்ப்புகளும் 18 வயதாகக் குறைக்கப்படுகின்றன. ஆகவே வீட்டில் வளரும் பிள்ளைக்கு “பெரியவன் ஆனதும் பார்த்துக் கொள்ளலாம்” என்று தள்ளிப் போடுவது இனி ஆபத்து.

பாட்டிக்கு என்ன வழி? 19ஆம் பிரிவின்படி, 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்து, போதிய மலாய்மொழி அறிவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வாழ்ந்ததற்குக் குறைவில்லை. மொழிச் சோதனையில்தான் பலர் தடுக்கி விழுந்தார்கள். சந்தையில் மலாய் பேசுகிற பாட்டி, மேசைக்கு அப்பால் அதிகாரி கேட்டால் வாயடைத்துப் போகிறார். 2011இல் மைடாஃப்தார் இயக்கம் நடந்தது. 2018இல் 60 வயதுக்கு மேற்பட்ட, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,400க்கும் அதிகமான இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. இத்தகைய முயற்சிகள் வரும்போதெல்லாம் முதல் ஆளாக நிற்பவர் பயன் பெறுகிறார். செய்தி தெரியாதவர் தவற விடுகிறார்.

இன்றே செய்ய வேண்டியவை

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். தாமதமானால் விசாரணை, சாட்சி என்று அலைய நேரிடும்.

கோயில் திருமணத்துக்கு நாள் பார்க்கும்போதே பதிவுத் திருமணத்துக்கும் நாள் பாருங்கள். மணமகளோ மணமகனோ வெளிநாட்டவர் என்றால் இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

பழைய தாள்களை எரித்து விடாதீர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ், கிராணி எழுதிய கடிதம், எதுவும் ஒரு நாள் சான்றாகும்.

குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு 15A பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், மறுபடி விண்ணப்பிக்கலாம். எல்லாக் கடிதங்களையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

படித்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். பாரம் நிரப்பிக் கொடுங்கள். பாட்டிகளுக்கு நான்கு வாரம் மலாய் பேசப் பழக்குங்கள். அன்னதானத்துக்கு இணையான தொண்டு இது.

கடைசியாக ஒன்று

“பெண்டாத்தாங்” என்று யாராவது நம்மைச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் மாக் மண்டின் தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து வரும் வங்காளதேசியையும் நேப்பாளியையும் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? அவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் தற்காலிக வேலை அனுமதியிலேயே இருக்க வேண்டும். இங்கே திருமணம் செய்து கொள்ளவும் அந்த அனுமதி இடம் தருவதில்லை. நம் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் அவரும் இப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றார். ஒரு நாடு யாரை எப்போது தன் குடிமகன் என்று ஏற்க வேண்டும் என்பதில் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உழைத்தவனை மனிதனாக மதிக்கச் சட்டம் எதற்கு?

பற்று இருப்பவனுக்கு உரிமை கொடுப்போம் என்று நாடுகள் சொல்லிக் கொள்கின்றன. வரலாற்றைப் பார்த்தால் பெரும்பாலும் உரிமை கிடைத்த இடத்தில்தான் பற்று அச்சமின்றி வளர்ந்திருக்கிறது. சிவப்பு அட்டையோடு எண்பது ஆண்டுகள் இந்நாட்டிலேயே இருந்துவிட்ட பாட்டியோ, உரிமை கிடைக்காமலேயே பற்று வைத்தவர். பேரனுக்கும் அந்த நிலை வர வேண்டாம். நாளை திங்கட்கிழமை. பிறப்புப் பத்திரங்களை எடுத்து மேசை மேல் வையுங்கள். குடியுரிமை என்று போட்டிருக்கும் வரியைப் படித்துப் பாருங்கள்.